மலையும் வெயிலும்

குடாநாட்டிற் பிறந்து வளர்ந்தோர்க்கு அடிவானம் என்பது ஒரு நேர்கோடு. கடலோரத்தில் நின்றாலும் வயல்வெளியில் நின்றாலும் ஞாயிறு தோன்றுவதும் மறைவதும் நிலத்தின் விளிம்பிலேயே. ஓர் ஊரின் முற்றத்தில் விழும் வெயிலுக்கும் அயலூரின் முற்றத்தில் விழும் வெயிலுக்கும் வேற்றுமை உண்டோ என நாம் ஆராய்வதில்லை. ஆராய வேண்டிய தேவையும் எழுவதில்லை. ஆயின், ஆசிரியராகவும் வைத்தியராகவும் எழுதுவினைஞராகவும் மலைநாட்டில் உத்தியோகம் பார்த்த நம் பழைய மாணவர் பலர் வேறொரு நிலையைக் கண்டிருப்பர். அரைக் கட்டைத் தூர இடைவெளியிலுள்ள இரண்டு வீடுகளுள் ஒன்றின் முற்றத்தில் காலை ஏழு மணிக்கே துணி உலர்த்தலாம். மற்றதன் முற்றத்தில் ஒன்பது மணியாகியும் பனியீரம் நீங்காது. நாளும் ஒன்றே, ஞாயிறும் ஒன்றே. இடையில் நிற்பது ஒரு மலைமுகடு மாத்திரமே.

மலையானது நிலத்துக்கு வந்துசேரும் வெயிலை ஐந்து வகையால் மாற்றுகின்றது. நிலத்தைச் சாய்த்துக் கதிர் விழுங் கோணத்தை மாற்றுதல் ஒன்று. குறுக்கே நின்று நிழல் செய்தல் மற்றொன்று. வானத்தின் பரப்பைக் குறைத்தும் ஒளியைத் தெறிக்கச் செய்தும் சிதறிய ஒளியின் அளவை மாற்றுதல் மூன்றாவது. நிலத்தை உயர்த்தி வளிமண்டலத்தின் தடிப்பைக் குறைத்தல் நான்காவது. முகிலைத் தோற்றுவித்தல் ஐந்தாவது. இவற்றை முறையே நோக்குவோம்.

சாய்வும் கோணமும்

இருட்டறையிற் கைமின்விளக்கொன்றைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வட்டமான, செறிந்த ஒளி விழும். விளக்கைச் சரித்துப் பிடித்தால் அவ்வொளி நீண்டு பரந்து மங்கும். விளக்கு தரும் ஒளி குறைந்ததில்லை. அது பரவும் இடமே கூடியது. இவ்வுண்மையை 1760இல் யோகான் ஹைன்றிக் லாம்பேட் என்னும் அறிஞர் தம் ஒளியளவை நூலிற் கணித விதியாக நிறுவினார். கதிருக்கும், நிலத்துக்குச் செங்குத்தாக நிறுத்திய கோட்டுக்கும் இடையே உள்ள கோணத்தின் கோசைன் யாதோ, அதுவே அந்நிலம் பெறும் நேர்வெயிலின் பங்கு என்பது அவ்விதி.

இதனை நம் நாட்டுக்குப் பிரயோகித்துப் பார்ப்போம். நுவரெலியா ஏறக்குறைய வட அகலக்கோடு 7 பாகையில் உள்ளது. திசெம்பர் 22ஆம் நாளளவில் நண்பகற் சூரியன் அங்கு உச்சியினின்று 30½ பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். அப்போது சமநிலம் பெறும் நேர்வெயிலின் பங்கு 0.86. தெற்கு நோக்கி 30 பாகை சாய்ந்த மலைச்சரிவு கதிரை நேருக்கு நேர் ஏற்பதால் 1.00 பெறும். வடக்கு நோக்கி அதே அளவு சாய்ந்த சரிவு 0.49 மாத்திரமே பெறும். ஒரே குன்றின் இரு புறங்களுள் ஒன்று மற்றதினும் இருமடங்கு வெயில் பெறுகின்றது!

ஆனால் யூன் மாதத்தில் நிலை மாறுகின்றது. அப்போது நண்பகற் சூரியன் உச்சிக்கு 16½ பாகை வடக்கே நிற்கும். வடசரிவு 0.97 பெற, தென்சரிவு 0.69 பெறுகின்றது. யாழ்ப்பாணத்திலும், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நண்பகலில் உச்சிக்கு வரும் சூரியன் ஓகஸ்ட் மாத இறுதி வரையும் வடபால் நிற்பதையும், அக்காலத்தில் வீட்டின் வடசுவரில் நண்பகல் வெயில் படுவதையும் யாவரும் காணலாம். ஆதலின் இலங்கை மலைகளில் வடசரிவும் தென்சரிவும் ஆண்டினுள் முறைமாறி வெயில் பெறுகின்றன. 7 பாகை அகலக்கோட்டில் சூரியன் தென்பால் நிற்பது ஏறக்குறைய ஏழு மாதமும், வடபால் நிற்பது ஐந்து மாதமுமாதலின், தென்சரிவுக்குச் சிறு இலாபம் உண்டு, அவ்வளவே.

இனி, ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளை நோக்குவோம். அவை ஏறக்குறைய 46½ பாகை அகலக்கோட்டில் உள்ளன எனக் கொண்டால், திசெம்பர் நண்பகலிற் சூரியன் அடிவானத்துக்கு 20 பாகை மேலே மாத்திரமே நிற்கும். சமநிலத்தின் பங்கு 0.34, 30 பாகைத் தென்சரிவின் பங்கு 0.77, வடசரிவுக்கோ நேர்வெயில் சிறிதும் இல்லை. அங்கு சூரியன் ஒருபோதும் நண்பகலில் வடபால் வருவதில்லையாதலின் இவ்வேற்றுமைக்கு ஈடுசெய்யும் மாதமும் இல்லை. இதனாலன்றோ பிரெஞ்சு மலைவாணர் வெயிற்புறத்தை 'அத்ரே' என்றும் நிழற்புறத்தை 'உய்பாக்' என்றும் இரு தனிச்சொற்களால் வழங்கினர்! சுவிற்சர்லாந்தின் வலே மாநிலத்தில் றோன் ஆற்றின் தெற்கு நோக்கிய கரையிலே திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக ஏறுகின்றன. எதிர்க்கரையிற் காடு வளர்கின்றது. மேற்கு இமயத்திலோ இதன் மறுபக்கத்தைக் காணலாம். தென்சரிவுகள் வெயிலால் விரைவில் வறண்டு புல்வெளியாக நிற்க, வெயில் குறைந்த வடசரிவுகளில் ஈரம் தங்கித் தேவதாரு முதலிய மரங்கள் செறிகின்றன. வெயில் மிகுதல் எங்கும் நன்மை எனக் கொள்ளுதல் தவறு என்பதற்கு இஃது ஒரு சான்று.

சீனர் தத்துவத்தில் வழங்கும் 'யின்', 'யாங்' என்னும் சொற்களும் தொடக்கத்தில் மலையின் நிழற்புறத்தையும் வெயிற்புறத்தையும் குறித்தவையே. மலைக்குத் தென்புறமும் ஆற்றுக்கு வடகரையும் அவர்க்கு 'யாங்'. லோ ஆற்றின் வடகரையில் எழுந்த பழைய தலைநகர் லோயாங் எனப் பெயர் பெற்றது இம்முறை பற்றியே.

நிழலில் வாழும் ஊர்கள்

சாய்வு வெயிலைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. நிழல் அதனை முற்றாக மறைக்கும். ஓரிடத்தினின்று நோக்கும்போது மலைமுகடு அடிவானத்துக்கு மேலே எத்துணைப் பாகை எழுந்து நிற்கின்றதோ, அத்துணைப் பாகைக்குக் கீழே உள்ள சூரியன் அவ்விடத்துக்கு இல்லாத சூரியனே.

நோர்வே நாட்டின் தெலெமார்க் பகுதியில், ஏறக்குறைய 60 பாகை அகலக்கோட்டில், றியூக்கன் என்னும் சிறு நகரம் உள்ளது. ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றின் அடியில், நீர்வீழ்ச்சியின் மின்வலுவைக் கொண்டு பசளை செய்யும் தொழிலுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நகரம் அது. செப்டெம்பர் இறுதியில் அங்கு நண்பகற் சூரியன் 28 பாகை அளவே உயர்கின்றது. தென்புற மலையும் ஏறத்தாழ அவ்வளவே உயர்ந்து நிற்பதால் அன்று மறையும் வெயில் மார்ச்சு நடுப்பகுதியிலேதான் மீண்டும் நகரத்தைத் தொடும். திசெம்பரிற் சூரியன் 7 பாகைக்கும் குறைவாகவே எழுவதால் ஒரு சிறு குன்றே அதனை மறைக்கப் போதும். அங்கு நிற்பதோ மாமலை. ஏறக்குறைய ஆறு மாதம் மக்கள் வானத்தின் ஒளியைக் காண்பர், சூரியனைக் காணார்.

இக்குறையைப் போக்க மலைமேற் கண்ணாடி நிறுத்தலாம் என்னும் எண்ணம் 1913இலேயே அந்நகரில் எழுந்தது. நகரை நிறுவிய சாம் எய்டே என்பாரும் அதனை விரும்பினார். அக்காலத்துப் பொறிநுட்பம் அதற்கு இடந்தரவில்லை. பதிலாக 1928இல் தொழில் நிறுவனமாகிய நொர்ஸ்க் ஹைட்றோ கம்பிவட ஊர்தியொன்றை அமைத்து, மக்கள் மாரிகாலத்தில் மலைமேற் சென்று வெயில் காய வழி செய்தது. நூறாண்டு கழிந்து 2013 ஒக்டோபரில் முதலெண்ணம் நிறைவேறியது. ஒவ்வொன்றும் 17 சதுர மீற்றர் பரப்புள்ள மூன்று கண்ணாடிகள், நகருக்கு 450 மீற்றர் மேலே மலைச்சரிவில் நிறுத்தப்பட்டன. கணினி அவற்றைச் சூரியனைத் தொடர்ந்து திருப்ப, நகரச் சதுக்கத்தில் ஏறக்குறைய 600 சதுர மீற்றர் பரப்பில் வெயில் விழுகின்றது. இத்தாலியின் வடபால் விகனெல்லா என்னும் மலைக்கிராமம் இதற்கு முன்னரே, 2006 திசெம்பரில், 8 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமுமுடைய கண்ணாடியொன்றை நிறுத்தியது. அங்கு நவெம்பர் 11 முதல் பெப்ரவரி 2 வரை சூரியன் மலைக்குப் பின்னாலேயே சென்றுவிடும்.

ஒரு சதுக்கத்தளவு வெயிலுக்காக மாந்தர் இத்துணை முயன்றனர் என்பது, வெயிலை வேண்டாமென்று நிழல் தேடும் நமக்கு வியப்பாகத் தோன்றலாம். கிடைக்காத இடத்திலேதான் ஒரு பொருளின் அருமை விளங்குகின்றது.

நம் நாட்டு மலைகளில் இத்தகைய நெடுநிழல் இல்லை. நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 60 பாகைக்குக் கீழே தாழ்வதில்லையாதலின், செங்குத்தான பாறையின் அடியன்றி மற்றெவ்விடத்துக்கும் நாள்தோறும் நடுப்பகல் வெயில் உண்டு. இங்கு இழப்பது காலையும் மாலையுமே. சூரியன் நம் அகலக்கோட்டில் ஏறக்குறைய நேராக எழுந்து மணிக்கு 15 பாகை வீதம் உயர்வதால், கிழக்கில் 15 பாகை உயர்ந்த முகடு ஒரு மணி நேர வெயிலைக் கவர்கின்றது. மேற்கிலும் அவ்வாறே ஒரு முகடு இருப்பின் பன்னிரண்டு மணியில் இரண்டு மணி போயிற்று. ஆறில் ஒரு பங்கு வெயில் நட்டமோ எனின், அன்று. தாழ்ந்த சூரியனின் கதிர் சமநிலத்திற் சரிந்து விழுவதால் அவ்விரு மணியின் வலு சிறிதே. சூரியன் உச்சி வழியே செல்லும் நாளொன்றைக் கொண்டு கணித்தால் சமநிலம் இழப்பது நூற்றுக்கு மூன்றரை அளவே. இருபுறமும் 30 பாகை முகடுகள் நான்கு மணி நேரத்தைக் கவர்ந்தாலும் இழப்பு நூற்றுக்குப் பதின்மூன்றளவே ஆகும்.

இக்கணக்கை மின்பலகை நிறுத்துவோன் மகிழ்ச்சியோடு கேட்பான். ஆனால் குடியிருப்போனுக்கு வேறு கணக்கு உண்டு. இரவு முழுவதும் குளிர்ந்த வீட்டுக்கும், பனியில் நனைந்த பயிருக்கும், பள்ளிக்குப் புறப்படுஞ் சிறுவனுக்கும் வேண்டியது காலை வெயில். அதன் வலு சிறிதாயினும் பயன் பெரிது. சனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலற்ற இரவுகளில் நுவரெலியாவின் தாழ்நிலங்களில் உறைபனி விழுவதுண்டு. குளிர்ந்த காற்று கனமாதலின் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்திலே தேங்குகின்றது. அப்பள்ளத்துக்கே கிழக்கு முகட்டின் நிழலும் நெடுநேரம் உரியது. குளிர் தேங்குமிடமும் வெயில் பிந்துமிடமும் ஒன்றாகிவிடுதலே மலைநாட்டுப் பள்ளங்களின் குறை.

நிழலைப் பற்றிப் பேசுமிடத்துச் சிவனொளிபாதமலையின் நிழலைக் கூறாது விடுதல் ஆகாது. 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையின் உச்சியில் விடியற்காலை நிற்போர், மேற்கே நிலத்தின் மீதும் மூடுபனியின் மீதும் கூர்மையான முக்கோண நிழலொன்றைக் காண்பர். மலை கூம்பு வடிவினதாதலின் நிழலும் முக்கோணமாயிற்று எனப் பலர் கருதுவர். எவ்வடிவ மலையின் நிழலும் உச்சியினின்று நோக்குவோர்க்கு அவ்வாறே தோன்றும். நெடுந்தூரம் நேராகச் செல்லும் புகையிரதத் தண்டவாளங்கள் தொலைவிற் கூடுவதுபோற் காண்பதன்றோ? அவ்வாறே பல கட்டை தூரம் நீண்டு செல்லும் நிழலின் இரு ஓரங்களும் தொலைவில் ஒரு புள்ளியிற் கூடுவதாகக் கண்ணுக்குப் படுகின்றன. மேலும், உச்சியில் நிற்போர்க்கு அடிவானம் தாழ்வதால், கடல்மட்டத்தில் உள்ளோரினும் ஐந்தாறு நிமிடம் முந்தியே அவர்க்குச் சூரியன் உதயமாகும்.

சிதறிய ஒளியும் தெறித்த ஒளியும்

நிழலில் உள்ள இடமும் இருளில் உள்ளதன்று. வளிமண்டலம் சூரியகதிரின் ஒரு பகுதியைச் சிதறச் செய்து வானம் முழுவதையும் ஒளிரச் செய்கின்றது. மூடிய வானத்தின் கீழ் நாம் பெறுவது முற்றிலும் இவ்வொளியே. மலை இதனையும் குறைக்கின்றது. சுற்றிவர 15 பாகை உயர்ந்த முகடு சூழ்ந்த இடத்துச் சமநிலம் இவ்வொளியில் நூற்றுக்கு ஏழளவு இழக்கும். 30 பாகையாயின் நாலில் ஒரு பங்கு இழக்கும். மாரிகாலத்தில் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வீடுகள் பகலிலும் விளக்கை நாடுவதன் காரணம் இதுவாகும்.

கவர்ந்ததில் ஒரு சிறு பகுதியை மலை திருப்பியுந் தருகின்றது. புதிதாய் விழுந்த வெண்பனி தன்மேற் படும் ஒளியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேலாகத் தெறிக்கச் செய்யும். பனிமலையேறுவோரின் முகமும் கண்ணும் கீழிருந்து வரும் ஒளியாலுங் காய்வது அதனாலேயாம். ஜெனீவா ஏரிக்கரையில் லவோ என்னுமிடத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு மூன்று சூரியன் உண்டென அங்குள்ளோர் கூறுவர். வானத்துச் சூரியன் ஒன்று. ஏரி நீரிற் பட்டுத் தெறிப்பது மற்றொன்று. பகலெல்லாம் காய்ந்த கற்சுவர்கள் இரவில் விடும் வெப்பம் மூன்றாவது.

உயரமும் குளிரும்

மாணவர் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: மலையுச்சி சூரியனுக்கு அண்மையிலன்றோ உள்ளது, ஆயின் அங்கு ஏன் குளிர்கின்றது? சூரியனின் தொலைவோடு ஒப்பிட்டால் மலையின் உயரம் ஒரு பொருளன்று. ஆனால் மலைமேல் வெயில் கடுமையானது என்பது உண்மை. நுவரெலியாவில் நிற்போன் வளிமண்டலத்தின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தன் காலடிக்குக் கீழே விட்டு நிற்கின்றான். நீராவியும் தூசும் கீழ்ப்படையிலேயே மிகுதியாக உள்ளமையால் தெளிந்த நாளில் அவனை அடையும் நேர்கதிர் வலுமிக்கது. தோலைக் கருக்கும் ஊதாக்கடந்த கதிரோ, ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்துக்கும் நூற்றுக்குப் பத்தளவு கூடுகின்றது. குளிர்காற்றில் வெயிலின் கடுமை தோன்றாது. மாலையில் முகம் எரியும்போதே தெரியும்.

இவ்விரண்டும் வேறென்பதை 1770களில் ஜெனீவா அறிஞர் த சொசூர் அழகிய சோதனையொன்றாற் காட்டினார். உட்புறம் கறுத்து, மேலே கண்ணாடித் தட்டுகள் பதித்த பெட்டியொன்றை அவர் அல்ப்ஸ் மலையிலுள்ள கிரமோன் சிகரத்துக்குக் கொண்டுசென்று வெயிலில் வைத்தார். பின்னர் தாழ்ந்த சமவெளியிலும் வைத்தார். வெளிக்காற்று மலைமேல் மிகக் குளிர்ந்திருந்தும் பெட்டியினுள் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குளிருக்குக் காரணம் வெயிற்குறைவன்று; மெல்லிய காற்று வெப்பத்தைத் தங்கவிடாமையே எனத் தெளிந்தார்.

முகில் என்னும் திரை

இதுகாறும் கூறிய நான்கும் கணக்கிட்டு முன்னரே சொல்லக்கூடியவை. ஐந்தாவதாகிய முகிலே நம் நாட்டு மலைகளில் எல்லாவற்றினும் வலியது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து முகிலாகி, வட்டவளை முதலிய மேற்குப் பகுதிகளிற் பெருமழையாகப் பொழிகின்றது. முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காற்று வெம்மையுற்று வறள, முகில் கலைகின்றது. மேற்கே சூரியனைக் காணாத அதே நாட்களிற் பதுளையிலும் பண்டாரவளையிலும் வெயில் எறிக்கும். திசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று இம்முறையைத் திருப்பிவிடும்.

யூனில் வடசரிவுக்கு வெயில் மிகும் என மேலே கணித்தோம். மேற்கு மலைநாட்டில் அவ்விலாபத்தை முகில் உண்டுவிடுகின்றது. சித்திரையிலும் ஐப்பசியிலும் காலை தெளிந்தும் பிற்பகல் இடியும் மழையுமாக இருப்பதால் கிழக்கு நோக்கிய சரிவு தன் பங்கைப் பெற, மேற்கு நோக்கிய சரிவு இழக்கின்றது.

இவ்வேற்றுமையைத் தேயிலைச் செடி நன்கு அறியும். ஊவாத் தேயிலையின் நறுமணம் சிறப்பது யூலை முதல் செப்டெம்பர் வரை. திம்புளைத் தேயிலையின் சிறப்புக் காலம் சனவரி முதல் மார்ச்சு வரை. இரண்டிடத்தும் அது வறண்ட காற்றும் தெளிந்த வெயிலும் கூடுங் காலமே. ஒரே தீவில், சில மணி நேரப் பயணத்தூரத்தில், இரு வேறு காலங்களில் இரு வேறு சுவை தோன்றுவது நடுவே நிற்கும் மலைத்தொடரின் கொடையாகும்.

அறிவின் பயன்

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் என்னும் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி, 60 பாகை வடக்குக்கும் 56 பாகை தெற்குக்கும் இடைப்பட்ட நிலத்தின் உயரங்களை றேடார்க் கருவியால் அளந்தது. அத்தகைய அளவைகளைக் கொண்டு 30 மீற்றர்க் கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சாய்வையும் திசையையும் சூழ்ந்த முகட்டையும் கணித்து, ஆண்டின் எந்நாளில் எம்மணியில் அங்கு வெயில் விழும் எனக் கணினி இன்று கூறுகின்றது.

இக்கணிப்புக்கு நம் நாட்டில் வேலை உண்டு. சூரிய மின்பலகைகள் மலைநாட்டிலும் ஏறிவருகின்றன. தொடராக இணைத்த பலகைகளுள் ஒன்றில் நிழல் விழுந்தாலும் தொடர் முழுவதன் மின்னோட்டமும் குறையக்கூடுமாதலின் இடமறிந்து வைத்தல் வேண்டும். அதனினும் பெரியது குடியிருப்பு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பொன்று மண்சரிவிற் புதையுண்டதை நாம் மறத்தற்கில்லை. அத்தகைய இடங்களினின்று மக்களைப் பெயர்த்துப் புதிய வீடு கட்டுங்கால் சரியாத நிலமா என்பதே முதற் கேள்வி. நீரும் வழியும் உண்டா என்பது அடுத்தது. காலை வெயில் எம்மணிக்கு வரும் என்பது மூன்றாவது கேள்வியாக இருத்தல் வேண்டும். அக்கேள்விக்கு விடை காணச் செலவில்லை. கேளாது கட்டினால் ஈரச்சுவரிலும் உலராத துணியிலும் ஒரு குடும்பம் தலைமுறை முழுவதும் அதன் விலையைக் கொடுக்கும்.

நம் கல்லூரி மாணவர் மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லுங்கால் செய்தற்கேற்ற பயிற்சியொன்றைக் கூறி முடிப்போம். ஒரு திசைகாட்டியும், நூலிற் கட்டிய குண்டு தொங்கும் பாகைமானியும் போதும். ஓரிடத்தில் நின்று, எட்டுத் திசைகளிலும் மலைமுகடு எத்துணைப் பாகை உயர்ந்துள்ளது என அளந்து தாளிற் குறிக்க. முகட்டின் கோடு கிடைக்கும். அதே தாளில் யூன், திசெம்பர், சித்திரை மாதங்களிற் சூரியன் செல்லும் வழியை வரைக. சூரியவழி முகட்டுக்கோட்டுக்குக் கீழே செல்லும் பகுதியே அவ்விடம் இழக்கும் வெயில். ஒரு பிற்பகலில் ஓராண்டின் வெயிற்கணக்கு முடிந்துவிடும். எந்த மாணவன் பின்னாளிற் பொறியியலாளனாகவோ, அதிபராகவோ, காணி உத்தியோகத்தனாகவோ மலைநாடு செல்கின்றானோ, அவன் அத்தாளை மறவாது உடன் கொண்டு செல்வானாக.